கொடிச் சின்னத்தின் அருகே இரண்டு துளைகள்

1964-ஆம் ஆண்டு கார்வெட் ஸ்டிங் ரே கார் ஒன்றை நான் வாங்கியதற்கு அதன் வலது முன் ஃபெண்டரில், அதாவது முன்சக்கரத்தை மூடியிருக்கும் உடல் பாகத்தில், இருந்த இரண்டு பள்ளங்கள்தான் காரணம். ஒவ்வொன்றும் மிளகு அளவுதான். நேர் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. மாலை வெயில் சாய்ந்து விழும்போது, குறுக்குக் கொடிச் சின்னத்தின் அருகே இரண்டு நிழல் புள்ளிகளாகத் தெரியும். விரல் நுனியால் தடவினால், தோலில் ஆறிப்போன அம்மைத் தழும்பைத் தொடுவது போல இருக்கும்.

விற்றவர் என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். "ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் என்ற பெயர்ப்பட்டை இருந்த இடம் இது. யாரோ கழற்றிவிட்டுத் துளையை அடைத்திருக்கிறார்கள்" என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்கு விற்றவர் அவரிடம் சொன்னதைத்தான் அவர் என்னிடம் சொன்னார். அந்தச் சொல்லை நம்பி, சாதாரண 1964 மாடலுக்குத் தருவதைவிட நாலாயிரம் டாலர் அதிகமாகக் கொடுத்தேன்.

அந்த நாலாயிரத்தின் கணக்குப் புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னணி தெரிய வேண்டும். 1964-இல் 22,229 கார்வெட்டுகள் தயாராயின. அவற்றில் 1,325 மட்டுமே கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருளைப் பீய்ச்சித் தரும், 375 குதிரைத்திறன் கொண்ட ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் இன்ஜினோடு வந்தன. பிரியர்கள் அந்தக் கார்களை 'ஃபியூலி' என்பார்கள். அவற்றின் முன் ஃபெண்டர் இரண்டிலும் கொடிச் சின்னத்தோடு பெயர்ப்பட்டை ஒன்றும் இருக்கும். பிற்காலத்தில் பழுது பார்க்கச் சிரமமாக இருந்ததால் பலர் அந்த இன்ஜெக்‌ஷன் கருவியைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரைப் பொருத்திக்கொண்டார்கள். அதனால் இழந்துபோன ஃபியூலியைத் தேடுவது இந்த உலகத்தில் புதையல் தேடுவதைப் போன்றது.

இன்ஜினின் முன்பக்க மேடையில் பொறித்திருக்கும் எண், காரின் எண்ணோடு பொருந்தினால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். என் காரில் பொருந்தவில்லை. எப்போதோ இன்ஜினை மாற்றியிருக்கிறார்கள். அந்த ஆண்டுக் காரின் அடையாள எண்ணிலும் இன்ஜின் வகை கிடையாது. அது கூரை நிலையாக உள்ள கூப்பேயா, மேற்கூரை மடங்கும் காரா என்பது வரைதான் அந்த எண் சொல்லும். கையுறைப் பெட்டிக்குக் கீழே குறுக்குத் தண்டில் பதித்திருக்கும் தகடு வெளி வண்ணத்தையும் உள் அலங்காரத்தையும் சொல்லும், இன்ஜினைச் சொல்லாது. என் தகட்டில் 916 என்று இருந்தது. டேடோனா நீலம். ஆனால் நான் வாங்கியபோது கார் ரத்தச் சிவப்பில் இருந்தது.

ஆகவே காகிதத்தில் ஆதாரம் ஏதும் இல்லை. இரண்டு துளைகள் மட்டுமே இருந்தன. அவை எப்போது போடப்பட்டன, எப்போது அடைக்கப்பட்டன என்பதை அவற்றைக் கொண்டேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு துளை எப்போது அடைக்கப்பட்டது என்பதை இரும்புக் காரில் கண்டுபிடிப்பது வேறு. அங்கே வெல்டிங் தழும்பு இருக்கும், வெப்பத்தால் தகடு நெளிந்திருக்கும், காந்தத்தை வைத்தால் பட்டி பார்த்த இடம் காட்டிக்கொடுத்துவிடும். கார்வெட்டின் வெளி உடலோ கண்ணாடியிழை. அதில் காந்தத்துக்கு வேலையே இல்லை. கதவையும் முன்கண்ணாடியையும் தாங்கி நிற்கும் உள் எஃகுச் சட்டகம் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க மட்டுமே நான் காந்தத்தை எடுப்பேன். அந்தச் சட்டகத்தைப் 'பறவைக் கூண்டு' என்பார்கள். வாங்குவதற்கு முன்பு முதலில் பார்க்க வேண்டியது அதுதான். அது அரித்துப்போயிருந்தால் வெளி உடல் எவ்வளவு பளபளத்தாலும் வாங்காதீர்கள்.

நான் இருப்பது ஒஹையோவில், கிளீவ்லாண்டுக்குப் பக்கத்தில். அங்கிருந்து ஏரிக் கரையோரமாகக் கிழக்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் ஆஷ்டபுலா. கார்வெட்டின் கண்ணாடியிழைப் பாகங்களை முதன்முதலில் அச்சில் வார்த்துக் கொடுத்த மோல்டட் ஃபைபர் கிளாஸ் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. 1953-இல் மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் 300 கார்கள் தயாராயின, 300-உம் வெள்ளை. பிறகு உற்பத்தி செயின்ட் லூயிசுக்குப் போனது. 1964-இலிருந்து 1967 வரை உடல்களில் ஒரு பங்கை மிச்சிகனின் அயோனியாவில் ஏ.ஓ. ஸ்மித் நிறுவனமும் கட்டிக் கொடுத்தது. தகட்டில் உடல் எண்ணுக்கு முன்னால் 'எஸ்' இருந்தால் செயின்ட் லூயிஸ், 'ஏ' இருந்தால் அயோனியா.

கட்டிய விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் இங்கே பயன் தரும். இந்த உடல் ஒரே வார்ப்பாக வந்ததல்ல. மேல் பாகம், ஃபெண்டர்கள், கீழ்ப் பாகங்கள் எல்லாம் தனித்தனியாக உலோக அச்சுகளுக்கு இடையில் அழுத்தப்பட்டு வந்தன. அச்சு இரண்டு பக்கமும் இருந்ததால் பேனலின் உள்புறமும் வெளிப்புறத்தைப் போலவே வழவழப்பாக இருக்கும். ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் கனம். அந்தப் பாகங்களை விளிம்போடு விளிம்பு சேர்த்து, பின்னால் ஒட்டுப்பட்டை வைத்து, பிசினும் நிரப்புப் பொடியும் கலந்த கெட்டியான பசையால் ஒட்டினார்கள். வெளியே தெரிந்த இணைப்பையும் அதே பசையால் நிரப்பித் தேய்த்துச் சமமாக்கினார்கள். அறுபது ஆண்டு வெயிலுக்குப் பிறகு அந்த இணைப்புக் கோடுகள் பெயின்ட்டின் அடியிலிருந்து மெல்லத் தலைகாட்டும். அனுபவமுள்ளவர்கள் அந்தக் கோட்டைக் கண்டால் முகம் மலர்வார்கள். உடல் வெட்டப்படாமல் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

கூடுதல் வசதிகளுக்கான துளைகளைக் கட்டும் இடத்தில்தான் போட்டார்கள். ரேடியோ கேட்காத வாடிக்கையாளரின் காரில் ஆன்டெனாத் துளை இருக்காது. ஆக, துளையிடும் கையும் பசையைக் கரண்டியில் வைத்திருக்கும் கையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. ஒரு துளை வேண்டாம் என்றாகிவிட்டால், பெயின்ட் அறைக்குப் போவதற்கு முன்பே கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பசையால் அதை அடைத்துவிட முடியும். இரும்பு உடலில் இது பெரிய வேலை. கண்ணாடியிழையில் ஒரு நிமிட வேலை. ஆனால் இதையெல்லாம் நான் யோசித்தது பிறகுதான். கார் வந்த முதல் வாரத்தில் மனம் முழுக்க ஃபியூலிதான்.

முதல் சனிக்கிழமையே சிவப்புப் பெயின்ட்டை உரிக்கத் தொடங்கினேன். கண்ணாடியிழையில் மணல் பீய்ச்சக் கூடாது. இழை பிய்ந்துவிடும். இரும்புக்கான பெயின்ட் கரைப்பானையும் தடவக் கூடாது. அது பிசினுக்குள் ஊறி நின்று, புதுப் பெயின்ட் அடித்த பிறகு கொப்புளமாக எழும். பழைய கார்வெட்காரர்கள் காட்டிய வழி சவர பிளேடு. பிளேடைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல், நம்மை நோக்கி இழுக்க வேண்டும். அந்தக் காலத்து லாக்கர் பெயின்ட் சீவிய தேங்காய்ப் பத்தைபோல் சுருண்டு சுருண்டு விழும். பிளேடின் இரண்டு முனைகளையும் முதலில் உப்புத்தாளில் உரசி மழுக்கிக்கொள்ளுங்கள். கூர்முனை பேனலில் கீறினால் அந்தக் கோடு கடைசிவரை கூடவே வரும். ஒரு ஃபெண்டருக்கு எனக்கு ஆறு மணி நேரம் ஆனது. அவசரம் உள்ளவர்கள் இந்த வேலையைத் தொட வேண்டாம்.

எனக்கே அன்றைக்கு அவசரம் வந்துவிட்டது. பள்ளங்கள் இருந்த இடத்துக்கு வந்ததும் பிளேடை வைத்துவிட்டு, சுற்றும் உரசும் இயந்திரத்தை எடுத்தேன். முன் பள்ளத்தின் மேல் ஐந்து விநாடிதான் வைத்திருப்பேன். சிவப்பு, சாம்பல், நீலம், கீழே இருந்த பிரைமர் என்ற அடிப்பூச்சு எல்லாம் ஒரே தூசியாகப் பறந்து, வெற்றுப் பேனலும் நடுவில் ஒரு வட்டமும் மிஞ்சின. அடைத்த பொருள் எந்தப் படலத்துக்கு மேல் இருந்தது, எதற்குக் கீழ் இருந்தது என்பதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியை என் கையாலேயே அழித்துவிட்டேன். இன்றைக்கும் அந்த ஐந்து விநாடியை நினைத்தால் வயிறு பிசைகிறது.

அன்று இரவு நாகப்பட்டினத்தில் இருக்கும் சித்தப்பாவிடம் வேறு ஏதோ பேச அழைத்தேன். அவருக்கு ஃபைபர் படகு பழுது பார்க்கும் வேலை. சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகியபோது கற்றுக்கொண்டார். காரைப் பற்றிச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, பின்பக்கம் பார்த்தாயா?"

"இல்லை, சித்தப்பா."

"பின்பக்கத்தை யாரும் தேய்க்க மாட்டார்கள். அங்கே போய்ப் பார்."

மறுநாள் காலையில் முன்சக்கரத்தைக் கழற்றினேன். சக்கர வளைவுக்குள் கையை நுழைத்தால் தோள்வரை போகிறது. தலை போகாது. கைபேசியின் கேமராவையும் பல் மருத்துவர்கள் வைத்திருப்பது போன்ற நீண்ட பிடியுள்ள கண்ணாடியையும் வைத்துத்தான் பார்க்க முடிந்தது. அறுபது ஆண்டுச் சேறு படிந்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு மெல்ல நனைத்து எடுத்தேன். சுரண்டவில்லை. அந்த வேலைக்கு மட்டும் ஒரு முற்பகல் போயிற்று.

சேறு விலகியதும் அவை தெரிந்தன. வழவழப்பான சாம்பல் பேனலில், குறுக்கும் நெடுக்குமாகக் கண்ணாடி இழைகள் மங்கலாகத் தெரியும் பரப்பில், சின்னக் குடைக்காளான்கள்போல இரண்டு புடைப்புகள். முன்னாலிருந்து யாரோ பசையைத் துளைக்குள் கட்டைவிரலாலோ கரண்டியாலோ அழுத்தியிருக்கிறார்கள். அது பின்பக்கம் பிதுங்கி, விரிந்து, அப்படியே இறுகியிருக்கிறது. அவற்றில் ஒன்றின் ஓரத்தில், துளையிட்ட டிரில் வெளியே வந்தபோது பிய்ந்த இழைகள் பூவிதழ்போல் விரிந்து, பசைக்குள் மூழ்கி நின்றன. பிய்ந்த இழைகள் பளிச்சென்று சுத்தமாக இருந்தன. துளை போட்டதற்கும் அடைத்ததற்கும் இடையில் அங்கே சாலைத் தூசி படியவே இல்லை. பெயர்ப்பட்டை சில ஆண்டுகளாவது அங்கே இருந்து பிறகு கழற்றப்பட்டிருந்தால், அந்த இழைகள் கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கேறி இருந்திருக்கும்.

கண்ணாடியை மேலே நகர்த்தினேன். ஒரு சாண் உயரத்தில் ஃபெண்டரும் மேல் பாகமும் சேரும் இணைப்பு. ஒட்டுப்பட்டையின் ஓரத்தில் பிதுங்கியிருந்த பசை அதே நிறம். நகத்தால் தட்டினால் அதே 'டிக்' ஓசை. இரண்டிலும் கண்ணுக்குத் தெரியும் அதே வெண்பொடித் துகள்கள். பிற்காலத்தில் கடையில் வாங்கிப் போட்ட பட்டி இப்படி இருக்காது. அது பெரும்பாலும் இளஞ்சிவப்பாகவோ மஞ்சளாகவோ, ஊசியால் குத்தினால் கொஞ்சம் இடம் கொடுப்பதாக இருக்கும்.

இதன் பிறகும் எனக்குத் தயக்கம் இருந்தது. பின்பக்கம் சொன்னதை முன்பக்கமும் சொன்னால்தான் முழுச் சாட்சி. முதல் துளையில் அதை நான் அழித்துவிட்டேன். இரண்டாவது மிஞ்சியிருந்தது.

அதற்கு இயந்திரத்தைத் தொடவில்லை. ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் 400 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, விரல் நுனியால் மட்டும் தேய்த்தேன். கடைசியில் 600. மெல்ல மெல்ல வளையங்கள் வந்தன. வெளியே சிவப்பு. அதற்குள் சாம்பல் பிரைமர். அதற்குள் டேடோனா நீலம், மெல்லிய வளையமாக. அதற்குள் இன்னொரு பிரைமர். நடுவில் பேனல். பள்ளத்தின் மையத்தை நோக்கித் தேய்த்துக்கொண்டே போனபோது மூச்சு நின்றுவிட்டது. நீலம் அறுபடாமல் பசையின் மேலேறி, பள்ளத்துக்குள் இறங்கி, மறுபுறம் ஏறிச் சென்றது. நீலத்தின் கீழிருந்த பிரைமரும் அப்படியே.

இந்தத் துளை, காருக்கு முதல் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே அடைக்கப்பட்டது. அந்த இடத்தில் பெயர்ப்பட்டையோடு இந்தக் கார் கட்டிய இடத்தை விட்டு வெளியே வரவில்லை. இடது ஃபெண்டரின் உள்புறத்தையும் அதே பொறுமையோடு கழுவிப் பார்த்தேன். கொடிச் சின்னத்துக்கான துளைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. வலதுபுறம் நின்ற கை துளையிட்டது, இடதுபுறம் நின்ற கை துளையிடுவதற்குள் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள் என்றே நான் வாசிக்கிறேன். இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரும் ஒத்துப்போனது. அதன் சிவப்புக் கோடு, ஆற்றல் குறைந்த இன்ஜின்களுக்கு உரிய இடத்திலேயே தொடங்குகிறது.

நாலாயிரம் டாலர் போனது உண்மை. வருத்தம் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் நான் மறுபடி சக்கர வளைவுக்குள் படுத்து அந்தக் காளான்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1964-இல் ஒரு மனிதர், பெயர் தெரியாதவர், தன் வேலை நேரத்தில் ஒரு நிமிடம் செலவழித்து அழுத்திய பசை. பக்கவாட்டில் ஒரு கோடுகூடத் தெரிகிறது, கையுறை இழுத்த கோடு என்றே எனக்குப் படுகிறது. ஒரு ஃபியூலியை வாங்கியிருந்தால் இதை நான் பார்த்திருக்க மாட்டேன்.

இதே காரில் வேறொரு காலத்துத் துளைகளும் இருந்தன. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில்தான் அதிகம் கற்றேன். பின் மூடியின் மேல், சாமான் கட்டும் கம்பிச் சட்டம் ஒன்று எப்போதோ இருந்திருக்கிறது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் விற்பனையாளர்களும் உரிமையாளர்களும் இதை நிறையவே பொருத்தினார்கள். பிறகு வந்தவர் சட்டத்தைக் கழற்றித் துளைகளை அடைத்தார். அங்கே உப்புத்தாளால் வளையம் பார்த்தால் கதை தலைகீழ். நீலம் துளையின் விளிம்பில் வெட்டுப்பட்டு நிற்கிறது. இளஞ்சிவப்புப் பட்டி நீலத்தின் மேல் பரவியிருக்கிறது. அதன் மேல் நேரே சிவப்பு. பின்பக்கம் பார்த்தால் துளையைத் தாங்க ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தது. பட்டி டேப்பின் மேலேயே இறுகியிருக்கிறது. இப்படி அடைத்தால் கார் அதிரும்போது பட்டி கழன்று விழாமல் இருப்பதே அதிர்ஷ்டம்.

பேனலையே மாற்றிய கார்களும் உண்டு. அவற்றில் துளைகளைப் பற்றிய கேள்வியே எழாது. முட்டிய முன்பாகத்தை வெட்டியெடுத்துவிட்டுக் கையால் படிய வைத்த பேனலை ஒட்டியிருந்தால், அதன் உள்புறம் பாய் பின்னல்போலச் சொரசொரப்பாக இருக்கும். ஒட்டிய பசை கோட்டுக்கு வெளியே கண்டபடி வழிந்திருக்கும். சக்கர வளைவுக்குள் டார்ச் அடித்து ஐந்து நிமிடம் பார்த்தாலே இது தெரிந்துவிடும். வாங்கப் போகும்போது ஒரு பழைய போர்வை, டார்ச், அந்தப் பல் கண்ணாடி மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். தரையில் படுக்க விடாத விற்பனையாளரிடம் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஐம்பது ஆண்டுகளாகக் கண்ணாடியிழை உடல் வேலை மட்டுமே செய்கிறவர். அவரிடம் படங்களைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை நீ சரிசெய்யப் போகிறாயா?" மாட்டேன் என்றேன். தலையசைத்தார். 1974-இல் தொடங்கிய தேசிய கார்வெட் புதுப்பிப்பாளர் சங்கத்தின் மதிப்பீட்டுப் போட்டிகளில் கார் எவ்வளவு அழகு என்று கேட்பதில்லை, கட்டிய இடத்திலிருந்து வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். இணைப்புக் கோடு, சற்றே ஏறி இறங்கிய பரப்பு, பின்னால் பிதுங்கிய பசை எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். அவற்றையெல்லாம் கண்ணாடிபோல வழித்துவிட்டால் அழகு கூடும், மதிப்பு குறையும். அந்தக் கொள்கையோடு எனக்கு முழு உடன்பாடு.

ஆகவே முன் ஃபெண்டரின் இரண்டு அடைப்புகளும் அப்படியே இருக்கின்றன. நான் தேய்த்துவிட்ட முதல் வட்டத்தின் மேல் மெல்லிய பிரைமர் மட்டும். இரண்டாவது வட்டத்தை, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, இயற்கை வெளிச்சத்தில் இருபது படம் எடுத்தேன். உட்புறக் காளான்களையும்தான். அச்சிட்டு உறையில் போட்டு, காரின் காகிதங்களோடு வைத்திருக்கிறேன். அடுத்து வாங்குபவரிடம் யாராவது ஃபியூலி என்று சொன்னால் அந்த உறை பதில் சொல்லும்.

பின் மூடியின் துளைகளை மட்டும் திறந்து முறையாக அடைத்தேன். அந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். பட்டியை முழுதும் குடைந்தெடுத்தேன். பட்டியின் மேல் பட்டி போட்டுப் பயனில்லை. அசிட்டோனால் மூன்று முறை துடைத்தேன், ஒவ்வொரு முறையும் புதுத் துணி. பழைய மெழுகும் சிலிக்கான் பாலிஷும் கொஞ்சம் இருந்தாலும் பிசின் பிடிக்காது. வெளிப்புறம் துளையைச் சுற்றிப் பேனலை மெல்லச் சரித்துத் தேய்த்தேன். கனத்தைப்போல் பத்து மடங்கு அகலம், அதாவது இரண்டரை மில்லிமீட்டர் கனத்துக்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டரை சென்டிமீட்டர் சரிவு. உட்புறம் 'மேட்' என்ற கண்ணாடியிழை விரிப்பில் ஒரு படலத்தைப் பிசினில் தோய்த்துத் தாங்கலாக ஒட்டி, அது இறுகிய பிறகு வெளியே சிறிய வட்டத்திலிருந்து பெரிய வட்டம் வரை நான்கு மேட் துண்டுகள். ஒவ்வொன்றிலும் காற்றுக் குமிழி போகும்வரை பிரஷின் நுனியால் குத்திக் குத்திப் படிய வைத்தேன். இதைச் சித்தப்பா வீடியோவில் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னும் வெள்ளையாக இருக்கிறது, குத்து, குத்து" என்றார். இழை வெள்ளையாகத் தெரிந்தால் உள்ளே காற்று இருக்கிறது என்று அர்த்தம்.

பிசின் வகையைப் பற்றி ஒன்று. இந்த உடல்கள் பாலியெஸ்டர் பிசினில் வார்த்தவை. அதன் மேல் எபாக்ஸி என்ற வேறு வகைப் பிசின் ஒட்டும். ஆனால் எபாக்ஸியின் மேல் மறுபடி பாலியெஸ்டரோ பாலியெஸ்டர் பட்டியோ போட்டால் சரியாக இறுகாமல், பிடிக்காமல் போகலாம். எதில் தொடங்குகிறீர்களோ அதிலேயே முடியுங்கள். பாலியெஸ்டரை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் திரவம் நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்குக்குள். அது கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள். அதை அசிட்டோனோடு கலக்கவே கூடாது. ஊரில் படகுக்காரர்கள், பிசின் இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் எதிர்எதிர் மூலைகளில் வைப்பார்கள். இரண்டும் நேராகச் சேர்ந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும். தேய்க்கும்போது எப்போதும் தண்ணீர். உலர்ந்த கண்ணாடியிழைத் தூசி தோலில் மூன்று நாள் அரிக்கும், நுரையீரலுக்கும் கெடுதி. துணி முகக்கவசம் போதாது, பிசின் ஆவியையும் தடுக்கும் வடிகட்டியுள்ள முகக்கவசம் வேண்டும்.

எல்லாம் செய்தும் ஒரு தவறு நடந்தது. அடைத்து நான்கே நாளில் பிரைமர் அடித்து, அடுத்த வாரம் நீலம் அடித்துவிட்டேன். பிசின் தொட்டால் கல்லாக இருந்தது, உள்ளே இன்னும் இறுகிக்கொண்டும் சுருங்கிக்கொண்டும் இருந்தது. ஜூலை வெயிலில் காரை நிறுத்தியபோது பின் மூடியில் வட்டங்கள் எழுந்தன, ஈரத் தம்ளர் வைத்து எடுத்த தடம் போல. நிழலில் மறைந்தன, வெயிலில் மறுபடி வந்தன.

இப்போது மூடியைத் தனியே கழற்றி, நீலத்தைத் தேய்த்தெடுத்து, வண்டிக் கொட்டகையின் தெற்குப் பக்கச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். நாள் முழுக்க வெயில் படும் இடம். வாரம் ஒருமுறை நேரான விளிம்புள்ள பட்டையை வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்கிறேன். முதல் வாரம் ஒரு துளையில் தாள் ஒன்று நுழையும் அளவு பள்ளம். மூன்று வாரமாக அது மாறவில்லை. செப்டம்பரில்தான் பெயின்ட்.